பழைய மியாட்டாவின் காற்றுவழியையும் இயக்கத் தொடரையும் மேம்படுத்துவது எப்படி?

மஸ்டா 1989இல் அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரை அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைத்தார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்குள் எடை. இதை வாங்கியவர்களில் பலர் முதலில் பணத்தைப் போடுவது பளபளக்கும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரில்தான். அதனால் சத்தம் கூடும். வேகம் பெரும்பாலும் கூடாது. இந்தக் காரில் காற்றுவழியைச் சீர்செய்ய வேண்டும். உண்மையான பலனை இயக்கத் தொடரில், அதாவது எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பாகங்களில், தேட வேண்டும். நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்.

முதல் படி: ரப்பர் குழாயைப் பாருங்கள்

ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினின் முன்புறமாகக் குறுக்கே சென்று த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வை) அடையும் குழாயைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். முப்பது ஆண்டுப் பழைய ரப்பரில் விரிசல் இருப்பது சாதாரணம். காற்றை அளக்கும் கருவி இந்தக் குழாய்க்கு முன்பே இருக்கிறது. விரிசல் வழியே நுழையும் காற்று கணக்கில் வராததால், எஞ்சினுக்குக் கிடைக்கும் பெட்ரோல் குறைந்து ஓட்டம் தடுமாறும். கிழிந்த குழாயை மாற்றாமல் வேறெதையும் வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: குளிர்ந்த காற்றுக்கு வழி

சைலன்சருக்குப் போகும் சூடான குழாய்கள் எஞ்சினின் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, ஃபில்டர் பெட்டியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. காற்றின் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏறினால் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். மூடியில்லாத கூம்பு ஃபில்டர் இந்தச் சூட்டையே உறிஞ்சுகிறது. அதனால்தான் சத்தத்துக்கேற்ற வேகம் வருவதில்லை.

முதலில் ஒரு சிறிய டிஜிட்டல் வெப்பமானியின் முனையை ஃபில்டருக்கு வெளியே, காற்று நுழையும் இடத்தில் கட்டி, கார் ஓடும்போதும் நிற்கும்போதும் காட்டும் அளவை உடன் வருபவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அட்டையை வெட்டி, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவரின் வடிவத்தைச் சரிபார்த்து, அதன்படி அலுமினியத் தகட்டை வெட்டுங்கள். மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் பானெட் மூடும்போது இடைவெளி அடைபடும். முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்று வரும் வழி திறந்திருக்க வேண்டும். தகடு மின்விசிறியையோ பெல்ட்டையோ தொடவே கூடாது. மீண்டும் அளந்து பாருங்கள். எண் இறங்கவில்லையென்றால் சுவரில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

மூன்றாம் படி: கியர் ஆயில்

காரைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். எப்போதும் நிரப்பும் மூடியை முதலில் கழற்றுங்கள். வடிகாலைத் திறந்த பிறகு மேல்மூடி இறுகிக்கொண்டால், ஆயில் இல்லாத காருடன் நிற்க வேண்டியிருக்கும். ஐந்து கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில், ஏறத்தாழ 2 லிட்டர் போதும். குளிரில் இரண்டாம் கியர் முரண்டுபிடித்த கார் இதன் பிறகு இசைந்துகொடுப்பதைக் கையிலேயே உணரலாம்.

நான்காம் படி: ஃப்ளைவீல்

ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம். எடை குறைந்த ஃப்ளைவீல் நல்ல மாற்றம். ஆனால் கிளட்ச் தேயும்வரை காத்திருங்கள். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஒரே உழைப்பில் முடித்துவிடலாம். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் (சுழற்சியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டியையும்) இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் இந்தக் காரின் தனித்தன்மை. அதைக் கழற்றுமுன் கியர்பாக்ஸுக்கு ஜாக்கால் முட்டுக் கொடுத்து, சட்டம் இருக்கும் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். அந்த உயரம் மாறினால் பிறகு கார் அதிரும். இது துணைக்கு ஒருவர் இல்லாமல் செய்யக்கூடாத வேலை.

ஐந்தாம் படி: டிஃபரன்ஷியல்

என்னைக் கேட்டால் மொத்தப் பட்டியலிலும் பணத்துக்கு முழுமையாக ஈடுகொடுப்பது இதுதான். 1.6 லிட்டர் காரின் டிஃபரன்ஷியல் சிறியது, வலுக் குறைந்தது. 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சினோடு பெரிய டிஃபரன்ஷியல் வந்தது. டார்சன் வகையும் கிடைத்தது. வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழல்வதை டார்சன் கட்டுப்படுத்தும். அதைப் பொருத்த, சக்கரங்களுக்குப் போகும் இருபக்க அச்சுத்தண்டுகளையும், கியர்பாக்ஸிலிருந்து வரும் நடுத்தண்டையும் 1.8 காரிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஒரு கண்ணியும் உண்டு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நடுத்தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே டிஃபரன்ஷியலின் விகிதம். 1.6 காரின் விகிதம் 4.3, அந்த 1.8 காரின் விகிதம் 4.1. அப்படியே மாற்றினால் எல்லாக் கியரிலும் இழுவிசை ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். ஆகவே பழைய பொருள் கடையில் பெரிய டிஃபரன்ஷியலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, நடுத்தண்டு இணையும் முனையைக் கையால் சுற்றுங்கள். அச்சுத்தண்டுகள் இணையும் இருபக்க முனைகளும் சேர்ந்து சுழல வேண்டும். அவை பத்துச் சுற்று முடிக்கும்போது நீங்கள் 43 சுற்று எண்ணியிருந்தால் வாங்குங்கள். 41 என்றால் அடுத்ததைப் பாருங்கள்.