புயலுக்கு முன் மொட்டை மாடி ஒழுகலை அடைப்பது எப்படி?

புயல் வருகிறது என்றால் வானிலை ஆய்வு மையம் சுமார் 48 மணி நேரம் முன்பே எச்சரித்துவிடும். அதற்குள் தளத்தை முழுசாகச் சரிசெய்ய முடியாது, ஆனால் ஒழுகலை அடக்கலாம். கடலூரில் எங்கள் வீட்டு கான்கிரீட் தளத்துக்குப் பலன் தந்த முறை இது.

1. முதலில் மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். விரிசலை அடைப்பதைவிட இது முக்கியம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்ததில், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. குழாய் அடைத்துக்கொண்டு 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம்.

2. தண்ணீர் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே சிரமமான வேலை. அவசரப்படாதீர்கள். அறையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே விரிசல் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் ஃபேன் கொக்கியருகே சொட்டியது. தண்ணீர் இறங்கியதோ கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில். உள்ளே புதைத்த வயர் பைப் வழியாக அது ஓடி வந்திருந்தது. தளத்தைப் பெருக்கி, முழுக்க நனைத்துவிட்டுக் காயும்போது கவனியுங்கள். மற்ற இடம் வெளுத்த பிறகும் விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் மூலை, குழாய் வாயைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் கால் இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள்.

3. குறித்த கோட்டை உளியால் கொஞ்சம் அகலமாகக் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியைக் கழுவுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணலுடன் எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (சிமெண்டில் கலக்கும் பால் போன்ற ரப்பர் திரவம்) கலந்து அழுத்தி நிரப்புங்கள். சுவர் மூலையில் தண்ணீர் நிற்காதபடி சரிவாகப் பூசுங்கள். வெறும் சிமெண்ட் பால் ஊற்றுவது வீண். தளம் சூட்டில் விரிந்து சுருங்கும்போது மறுபடி வெடிக்கும். வாட்டர்ப்ரூஃப் பெயிண்டையும் இப்போது தொடாதீர்கள். அதற்கு நன்றாகக் காய்ந்த தளம் வேண்டும், கோடையில் அடித்துக்கொள்ளலாம்.

4. பூசக்கூட நேரமில்லையா? கெட்டியான தார்பாயைக் கைப்பிடிச் சுவர் மேல் வரை ஏற்றி, ஓரம் முழுக்க மணல் மூட்டைகளை நெருக்கி வையுங்கள். காற்று உள்ளே புகுந்தால் மொத்தமும் போய்விடும். குழாய் வாயை மூடிவிடாதீர்கள். செங்கல் வேண்டாம், புயல் காற்றில் சுவர் மேலிருந்து உருண்டு யார் தலையிலாவது விழும்.

5. விளக்கு, ஃபேன் வழியாகச் சொட்டினால் அந்த அறையின் எம்.சி.பி.யை (மின் பெட்டியில் அந்த அறைக்கான சுவிட்சை) உடனே இறக்குங்கள். கூரைப் பூச்சு உப்பியிருந்தால் அதன் கீழே யாரையும் படுக்க விடாதீர்கள்.

பிற்சேர்க்கை: ஓட்டு வீட்டுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். உடைந்த ஓட்டை ஏணி வைத்து இன்றே மாற்றுங்கள், காற்று தொடங்கிய பிறகு ஏறவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் எப்போதுமே கால் வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுவீர்கள். கொக்கி போல்ட்டுகளை மட்டும் ஏணியில் நின்று முடுக்குங்கள். 2018-இல் கஜா புயலின்போது நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடும் ஷீட்டும் பறந்தன. அப்படிப்பட்ட புயலுக்கு இந்த வீடுகளில் தங்காமல், மாலைக்குள் முகாமுக்கோ உறவினரின் தளம் போட்ட வீட்டுக்கோ போய்விடுங்கள்.