புளியங்கொட்டை, தீப்பெட்டி, ஒரு போன்: முழுக்களுக்கு வீடியோ எடுக்கும் செய்முறை

3 − (−2) எவ்வளவு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் 5 என்று சட்டென்று பதில் வரும். எப்படி என்றால், "மைனசும் மைனசும் ப்ளஸ் சார்." சரி, அதே பிள்ளைகளிடம் −3 − 2 என்று எழுதிக் கொடுங்கள். இங்கேயும் இரண்டு மைனஸ் இருக்கிறதே என்று அதே விதியைப் போட்டு 5 என்று எழுதுவார்கள். பாலக்கோட்டில் மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிற எனக்கு இது வருடா வருடம் பார்த்துப் பழகிய விஷயம். விதியை இன்னும் சத்தமாகச் சொல்வதால் இது தீராது. கழித்தல் என்ற வேலை நடப்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததை உடனே தன் கையால் செய்ய வேண்டும். அதற்காக எடுக்க ஆரம்பித்த வீடியோக்களின் செய்முறை இது. போனில் வீடியோ எடுக்கத் தெரியும், ஆறாம் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கொட்டை தயார் செய்வது

நம் பக்கம் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? புளி தட்டும் வீட்டில் கேட்டால் ஒரு முறம் நிறையக் கொடுப்பார்கள். தாயம் ஆட எப்படித் தேய்ப்போமோ அப்படியே சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது கொட்டை நன்றாகச் சூடாகும், பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற விடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். வெள்ளைப் பக்கம் +1, பழுப்புப் பக்கம் −1. ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் சேர்ந்தால் பூச்சியம். இந்த ஜோடிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பூச்சிய ஜோடி'.

கடையில் விற்கும் இரண்டு நிறப் பிளாஸ்டிக் வில்லைகளும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வீடியோ பார்க்கிற பிள்ளையின் வீட்டில் அது இருக்காது. கொட்டை இருக்கும். அதனால் என் ஓட்டு கொட்டைக்குத்தான்.

கீழே விரிக்க நீல நிற சார்ட் தாள் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பக்கம் தெரியாது, கரும்பலகையில் பழுப்பு தெரியாது, கிரானைட் மேடையில் விளக்கு பளபளக்கும்.

போனைக் கட்டுவது

வளைகிற கழுத்துள்ள மொபைல் ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம், மேசையில் கை பட்டாலே ஆடும், பத்து நிமிடத்தில் தானாகத் தலை குனியும். இரண்டு நாற்காலிகளின் முதுகுக்குக் குறுக்கே ஒரு பலகை, பலகையின் ஓரத்தில் கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனைப் படுக்க வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து இடது பக்கமாக வரட்டும், வலது கையால் எழுதுகிறவருக்கு அப்போதுதான் கையின் நிழல் கணக்கின் மேல் விழாது. படம் எடுக்கும் முன் திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகசையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. போன் தரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதற்கே புரியாது. அரை மணி நேரம் எடுத்த வீடியோ நெட்டுக்குத்தாகவோ தலைகீழாகவோ வந்து நிற்கும். வழி சுலபம்: போனை முதலில் கிடைமட்டமாக முகத்துக்கு நேரே பிடித்து, பதிவு பொத்தானை அழுத்தி, நேரம் ஓடத் தொடங்கிய பிறகு பலகையில் படுக்க வையுங்கள். பதிவு தொடங்கும்போது எந்தத் திசையோ அதுவே கடைசிவரை இருக்கும். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில் திசையைப் பூட்டவே தனி அமைப்பு உண்டு, நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஒலிக்கு ஒயர் வைத்த சாதாரண காலர் மைக். ஃபேனை நிறுத்துங்கள். பேச்சைப் பிறகு தனியாகச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், இந்த வகைப் பாடத்துக்கு அது ஒத்து வராது. கை நகரும் அதே நொடியில் வார்த்தை விழ வேண்டும்.

ஒரு வீடியோ, ஒரு கேள்வி

2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் பாட வீடியோக்களை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் தொடர்ந்து பார்ப்பது ஆறு நிமிடத்துக்கு மேல் போவதில்லை என்று தெரிந்தது. அச்சடித்த ஸ்லைடை விட, கையால் எழுதிக்கொண்டே போகும் வீடியோவை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் வந்தது. அவர்கள் வயதில் பெரியவர்கள், நம்முடையது ஆறாம் வகுப்பு. ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்.

கூட்டல் வீடியோ சுலபம்: 4 + (−6) என்றால் நான்கு வெள்ளை, ஆறு பழுப்பு, ஜோடி ஜோடியாக ஓரம் தள்ளினால் இரண்டு பழுப்பு மிச்சம், விடை −2. ஒரே தடவையில் எடுத்துவிடலாம்.

கழித்தல்: இங்கே நிதானம்

3 − (−2). மூன்று வெள்ளையை வையுங்கள். இப்போது கேமராவுக்குக் கேட்கும்படி கேளுங்கள்: "இதிலிருந்து இரண்டு பழுப்பை எடுக்கணும். பழுப்பு எங்கே இருக்கு?" இல்லை. கையை வெறும் தாளின் மேல் அப்படியே நிறுத்துங்கள், ஐந்து நொடி பேசாதீர்கள். எடிட் செய்யும்போது இந்த மௌனத்தை வெட்டிவிடக் கை துறுதுறுக்கும், வெட்டாதீர்கள். பிள்ளைகள் இந்த ஐந்து நொடியில்தான் யோசிக்கிறார்கள்.

அப்புறம் இரண்டு பூச்சிய ஜோடிகளை உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. "பூச்சியத்தைச் சேர்த்தேன், மதிப்பு மாறிச்சா?" மாறவில்லை, இன்னும் 3தான். இதைத் தாளில் எழுதியும் காட்டுங்கள். ஜோடியை ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டும், வெள்ளையைத் தனியாக, பழுப்பைத் தனியாக வைத்தால் ஏதோ புதிதாகக் கூட்டுகிறார் என்றுதான் தோன்றும். இப்போது பழுப்பு இரண்டு இருக்கிறது, அதை எடுத்துத் திரைக்கு வெளியே கொண்டுபோங்கள். மீதி ஐந்து வெள்ளை.

உடனே அடுத்த வீடியோ −3 − 2. மூன்று பழுப்பு, எடுக்க வேண்டியது இரண்டு வெள்ளை. வெள்ளை இல்லை, ஆகவே மறுபடி இரண்டு ஜோடி, வெள்ளையை எடுத்தால் ஐந்து பழுப்பு. விடை −5. இரண்டையும் ஒரே வீடியோவில் திணிக்காதீர்கள், ஆனால் ஒரே நாளில் அனுப்புங்கள்.

பேச்சில் ஒரு ஒழுங்கு வேண்டும். செயலைச் சொல்லும்போது "எடு" அல்லது "கழி", எண்ணைச் சொல்லும்போது மட்டும் "மைனஸ் 2". கழித்தல் கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் மைனஸ் எண்ணுக்கு எப்போதும் அடைப்புக்குறி போட்டு எழுதுங்கள். திரையில் எழுத்து சேர்த்தால் மைனசுக்குப் பதில் குட்டிக் கோடு வந்துவிடாமல் பாருங்கள், சின்னத் திரையில் அது காணாமலே போய்விடும்.

கடனை உதாரணமாகச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வழிதான், கி.பி. 628இலேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்களுக்கான (மைனஸ் எண்களுக்கான) விதிகளைச் சொத்து, கடன் என்று வைத்துத்தான் எழுதினார், பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து என்பதும் அதில் ஒன்று. பெரியவர்களுக்கு உடனே புரியும், தேர்தல் நேரத்துக் கடன் தள்ளுபடியை நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளிடம் நான் இதை எடுப்பதில்லை. வீட்டில் கடன் பேச்சு தினமும் சண்டையாக நடக்கிற பிள்ளைக்குக் கணக்கு நோட்டிலும் அதே பேச்சு எதற்கு?

அதற்குப் பதில் போர்வெல். குறை எண்ணுக்குப் பனிமலைக் குளிரைச் சொன்னால் தர்மபுரி வெயிலில் யாருக்கு என்ன தெரியும்? தரைமட்டம் 0. மோட்டார் 600 அடியில், தண்ணீர் நிற்பது 450 அடியில். மோட்டாருக்கு மேல் எத்தனை அடி தண்ணீர்? விவசாய வீட்டுப் பிள்ளை 150 என்று வாயாலேயே சொல்லிவிடும். அதன் பிறகு −450 − (−600) = 150 என்று எழுதிக் காட்டுங்கள். சுவரில் நிமிர்ந்து நிற்கும் எண்கோடாக வரைந்து எடுத்தால் இன்னும் நல்லது. கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் கேஆர்பி அணையை எடுக்கலாம். முழு நீர்மட்டம் 52 அடி, அதை 0 என்று வைத்தால் நீர்மட்டம் 49 என்பது −3. பூச்சியத்தை நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம் என்பது இதில் வரும்.

இயற்கணிதத்துக்குத் தீப்பெட்டி

2 எக்ஸ் + 3 = 11. இரண்டு காலித் தீப்பெட்டிகளில் தலா நான்கு கொட்டை போட்டு மூடி, பக்கத்தில் மூன்று வெள்ளை. ஒரு கோடு கிழித்து அந்தப் பக்கம் பதினொன்று. இரண்டு பக்கமும் மூன்று எடு, எட்டை இரண்டாகப் பிரி, கடைசியில் பெட்டியைத் திறந்து காட்டு. திறப்பதற்கு முன் பெட்டியைக் காதருகே ஆட்டிக் காட்டினால் பிள்ளைகள் வீடியோவை நகர்த்தாமல் பார்ப்பார்கள்.

எக்ஸ் என்பது பெட்டி இல்லை, பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கை. இதை ஒவ்வொரு வீடியோவிலும் சொல்லுங்கள். 'தக்காளிக்குத் த, மாங்காய்க்கு ம' என்று ஆரம்பித்தால் அந்த எழுத்து எண் என்பது மறந்து பொருளாகிவிடும், அப்புறம் எட்டாம் வகுப்பில் இரண்டு மாறிகளைப் பெருக்கச் சொன்னால் தக்காளியையும் மாங்காயையும் எப்படிப் பெருக்குவது என்று முழிப்பார்கள். ராயக்கோட்டை மண்டியை உதாரணமாக எடுத்தாலும், எக்ஸ் என்பது ஒரு கிரேட் (தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி) தக்காளியின் விலை, ரூபாயில், என்று முழுதாகச் சொல்லுங்கள். மூன்று கிரேட் விற்று, கூலி 40 போக 860 கையில் வந்தால் 3 எக்ஸ் − 40 = 860. எக்ஸ் 300.

எல்லாரும் சொல்லும் தராசு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 2 எக்ஸ் − 3 = 5 வந்தால் தட்டில் −3ஐ எப்படி வைப்பீர்கள்? கொட்டையில் மூன்று பழுப்பை வைத்து, இரண்டு பக்கமும் மூன்று வெள்ளை சேர்த்தால் ஜோடி ஜோடியாகப் போய்விடும், 2 எக்ஸ் = 8 மிச்சம்.

எடிட்டும் அளவும்

போனில் எடுத்ததைக் கணினியில் எடிட் செய்தால் போகப் போகப் பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று விலகும். போன்கள் நொடிக்கு நொடி ஃப்ரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே பதிவு செய்வதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, ஃப்ரேம்ரேட்டை 'கான்ஸ்டன்ட்' என்று மாற்றி எடுத்த பிறகு எடிட் செய்யுங்கள். எடிட்டுக்கு ஷாட்கட் என்ற மென்பொருள் போதும், இலவசம், வாட்டர்மார்க் கிடையாது.

கடைசியில் 480 அளவு, வீடியோவுக்கு 400 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்), ஒலிக்கு 64. ஐந்து நிமிடம் சுமார் 17 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி எண்களைக் கலங்கடிக்கும், 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள்.

அப்டேட்: குறையைக் குறையால் பெருக்குவதற்குக் கொட்டை உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவும். (−2) × (−3) என்றால் மூன்று பழுப்பை இரண்டு தடவை எடு. ஆறு பூச்சிய ஜோடிகளில் ஆரம்பித்தால் ஆறு வெள்ளை மிஞ்சும். ஆனால் எனக்கு வரிசை முறைதான் பிடிக்கும்: 2 × (−3) = −6, 1 × (−3) = −3, 0 × (−3) = 0, ஒவ்வொன்றிலும் 3 கூடுகிறது, ஆக (−1) × (−3) எவ்வளவு? விடையைச் சொல்லாமல் வீடியோவை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொரு அப்டேட்: தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாடம் எடுப்பவர்கள், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சு வேகமாக இருக்கிறது என்றார்கள். அவர்களுக்காகப் பேச்சைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு படியையும் தாளில் எழுதி எடுத்த வீடியோக்கள் மற்றவர்களுக்கும் நன்றாகவே போகின்றன, இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் எடுக்கிறேன்.

பென்டிரைவில் போட்டுப் பள்ளி டிவியில் ஓட்டினால் சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை என்பவர்கள் போன் கேமரா அமைப்பில் வீடியோவைச் சுருக்கும் முறை எச்.265 அல்லது 'ஹை எஃபிஷியன்சி' என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டிவிகள் பலவற்றுக்கு அது தெரியாது. எச்.264 என்று மாற்றி எடுங்கள், ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக்கில் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.