மினி டிராக்டரின் பின்டயரில் தண்ணீர் ஏற்றும் முறை

தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் உழுவதற்காக வாங்கப்படும் 20 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான மினி டிராக்டர்களில், இன்ஜினுக்கு இழுக்கும் வலு இருந்தும் பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழன்று மண்ணைப் பறிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வண்டியின் எடை குறைவாக இருப்பதால் டயரின் பட்டைகள் மண்ணில் பிடிப்பதில்லை. இதைச் சரிசெய்ய வார்ப்பிரும்பு எடைகளைச் சக்கரத்தில் மாட்டலாம். ஆனால் அதிகச் செலவின்றி அதே பலனைத் தருவது பின்டயருக்குள் தண்ணீர் ஏற்றுவதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 9.5-24 அளவுள்ள டயரில் முக்கால் பங்கு நிரப்ப ஏறத்தாழ 90 லிட்டர் பிடிக்கும் என்பதால், இரண்டு பக்கமும் சேர்த்து 180 கிலோ வரை எடை கூடுகிறது. இந்த எடை டயருக்குள்ளேயே இருந்து நேராகத் தரையில் இறங்குவதால், அச்சும் பேரிங்கும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. வண்டியின் பாரம் கீழே அமைவதால் சரிவான நிலத்தில் கவிழும் வாய்ப்பும் குறைகிறது.

முதலில் தேவையா என்று அளந்து பாருங்கள்

அடுத்த தோட்டத்துக்காரர் ஏற்றியிருக்கிறார் என்பதற்காக நாமும் ஏற்றக் கூடாது. சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பின்டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, வழக்கமாக உழும் ஆழத்தில் கலப்பையை இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே நடந்து, சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் குச்சி நட்டுக்கொள்ளுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிவிட்டு அதே தூரத்தை அதே நிலத்தில் ஓட்டச் செய்து, இம்முறை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒன்பது சுற்று வந்தால் வழுக்கல் 10 விழுக்காடு. எட்டரை வந்தால் 15 விழுக்காடு. ஏழரை வந்தால் 25 விழுக்காடு. உழுத நிலத்தில் 8 முதல் 15 விழுக்காடு வரை வழுக்குவது இயல்பானது, வண்டிக்கும் நல்லது. அதற்கு மேல் போனால்தான் எடை கூட்ட வேண்டும். ஒன்பதே முக்கால் சுற்றுக்கு மேல் வருகிறது என்றால் வண்டி ஏற்கெனவே தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது. இன்னும் தண்ணீர் ஏற்றினால் மண் இறுகுவதும் டீசல் வீணாவதும்தான் மிச்சம்.

சேற்றுழவு முக்கிய வேலையாக உள்ளவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். தொளியில் கூடுதல் எடை வண்டியைப் புதைய வைக்கும். அங்கே கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதே சரியான வழி.

தேவையான பொருட்கள்

டிராக்டர் பின்டயர்களில் பெரும்பாலும் காற்றுக்கும் தண்ணீருக்கும் பொதுவான டி.ஆர்.218ஏ வகை வால்வு இருக்கும். இதில் காற்றை அடைத்து வைக்கும் ஊசி போன்ற ‘பின்’ மட்டுமின்றி, அந்தப் பின்னைத் தாங்கும் உறையையும் கழற்ற முடிவதால் தண்ணீர் போகப் பெரிய துளை கிடைக்கிறது. இந்த வால்வில் திருகும் தண்ணீர் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடும் சிறு பித்தான் உள்ளதாக இருக்க வேண்டும். இதனுடன் ஹோஸ் பைப், ஜாக்கி, அச்சுக்கு அடியில் வைக்க உறுதியான மரக்கட்டைகள், முன்சக்கரத்துக்குத் தடைக்கட்டை, காற்று அளக்கும் கேஜ் ஆகியவை போதும். தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து வருவதே நல்லது. 10 அடி உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் சுமார் 4 பவுண்டு அழுத்தமே தரும்; நிரம்ப நேரமாகும், ஆனால் டியூபுக்கு ஆபத்தில்லை. போர்வெல் மோட்டார் குழாயை நேரடியாக வால்வில் இணைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உப்புத் தண்ணீரையும் தவிர்த்துவிடுங்கள். டியூப் இல்லாத டயரில் அது ரிம்மை உள்ளிருந்தே அரித்துவிடும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நம் சமவெளிக்கு அது தேவையில்லை.

ஏற்றும் முறை

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, கலப்பையை முழுவதும் இறக்கி, இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் தடைக்கட்டை கொடுங்கள். பின் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்து, டயர் தரையை விட்டுச் சற்றே எழும்பும் அளவுக்குத் தூக்கி, உடனே மரக்கட்டையை அடுக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். வண்டியின் பாரம் டயரில் இருந்தால் காற்று இறங்கும்போது டயர் நசுங்கும், தண்ணீரின் அளவும் தவறிப்போகும்.

இப்போது பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி வால்வைச் சரியாக உச்சிக்குக் கொண்டுவந்து, மறுபடியும் பிரேக்கைப் பூட்டிவிடுங்கள். வால்வு உச்சியில் இருக்கும்போது அதன் மட்டம் வரை தண்ணீர் நின்றால் அதுவே டயரின் கொள்ளளவில் முக்கால் பங்கு. முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, பின்னை மெதுவாகத் தளர்த்திக் காற்று முழுவதும் இறங்கிய பின்னரே உறையைக் கழற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் அது தெறித்துக் கண்ணில் பாயக்கூடும்.

அடாப்டரைத் திருகி, ஹோஸை இணைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். உள்ளே காற்று அடைபட்டுத் தண்ணீர் நின்றுபோகும்போதெல்லாம் பித்தானை அழுத்திக் காற்றை விட வேண்டும். பித்தான் வழியாகக் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் வரத் தொடங்கினால் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். மீதியுள்ள கால் பங்குக் காற்றுதான் கல்லிலும் வரப்பிலும் ஏறும் அதிர்ச்சியைத் தாங்குகிறது. தண்ணீர் அமுங்காது, அந்த இடத்தையும் நிரப்பினால் அடி முழுவதும் டயரிலும் ரிம்மிலும் விழும். முக்கால் அளவுக்கும் குறைவாகவே போதும் என்று சோதனையில் தெரிந்தால், 20 லிட்டர் கேனால் அளந்து ஊற்றுங்கள். எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

பிறகு உறையையும் பின்னையும் பூட்டி, கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள். வயல் வேலைக்கு அது பெரும்பாலும் 12 முதல் 16 பவுண்டுக்குள் இருக்கும். காற்றிடம் சிறியதாகிவிட்டதால், அழுத்தம் எதிர்பார்ப்பதைவிட வெகு விரைவில் ஏறும். சிறிது சிறிதாக அடித்து அளந்து பாருங்கள். எப்போது அளந்தாலும் வால்வு உச்சியில் இருக்கட்டும். கீழே இருந்தால் தண்ணீர் கேஜுக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும், அளவும் கூடுதலாகக் காட்டும். சின்னக் காற்றிடம் என்பதால் சிறு கசிவும் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்துவிடும். வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஏற்றிய பின் கவனிக்க வேண்டியவை

சுற்று எண்ணும் சோதனையை மறுபடியும் செய்து, வழுக்கல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பு பாரம் அதிகமானால் சக்கரம் வழுக்கித் தப்பித்துக்கொண்டது. இப்போது நன்றாகப் பிடிப்பதால், அதே பாரத்துக்கு வண்டியின் முன்பக்கம் தூக்கக்கூடும். பின்டயர் தண்ணீர் இதைத் தடுக்காது. முன்பக்கம் லேசாவதாகத் தோன்றினால் பம்பரில் எடை மாட்ட வேண்டும். இழுவைச் சங்கிலியை ஒருபோதும் பின் அச்சுக்கு மேலே கட்டக் கூடாது. சாலையில் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும் என்பதால் டிரெய்லருடன் போகும்போது வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

தண்ணீரை இறக்குவதற்கு, டயரை முன்போலவே தூக்கி, காற்றை விட்டு, வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து உறையைக் கழற்றினால் போதும். வால்வின் மட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் மட்டும் உள்ளே நிற்கும். டயரைக் கழற்ற வேண்டியிருந்தால் தண்ணீரை இறக்கிய பிறகே கழற்றுங்கள். பஞ்சர் கடைக்காரரிடம் உள்ளே தண்ணீர் இருப்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீரோடு சாயும் சக்கரத்தை ஓர் ஆளால் தாங்கிப் பிடிக்க முடியாது.