கூரைக்குக் கீழே பறக்கும் ஃபோம் விமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைதானத்தில் பறக்கும் ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கினால் அரங்குக்குள் பறக்கும் விமானம் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். உருவம் சிறியதாகிவிடும், வேகம் போதிய அளவு குறையாது. பேட்மிண்டன் ஆடுகளம் ஒன்றின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். வினாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அந்த நீளத்தை இரண்டு வினாடிக்குள் முடித்துவிடும். திரும்பலாமா என்று யோசிக்கும்போதே சுவர் வந்துவிடுகிறது.

அரங்கில் பறப்பதற்கு மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போவதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த இரண்டு வாக்கியங்களை மீறுவதில்தான் பெரும்பாலான தவறுகள் அடங்கியிருக்கின்றன.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 80 செ.மீ. நீளமும் 22.5 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 18 சதுர டெசிமீட்டர். விமானத்தின் மொத்த எடை 120 கிராம் என்றால், பத்துக்குப் பத்து செ.மீ. கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6.7 கிராமைத் தாங்குகிறது. இதைத்தான் இறக்கைச் சுமை என்கிறோம். இந்தச் சுமையில் விமானம் வினாடிக்கு நான்கு மீட்டர் அளவில், நன்றாக ஓடுகிறவரின் வேகத்தில், கீழே விழாமல் மிதக்கும். 45 பாகை சாய்ந்து திரும்ப அதற்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம் போதும். ஒரே ஆடுகளத்தின் அகலத்துக்குள் வட்டமடித்துவிடலாம்.

அதே விமானத்தை 240 கிராமில் செய்தால்? வேகம் 1.4 மடங்கு கூடும். திரும்பும் வட்டம் இரண்டு மடங்காகி ஒன்பது மீட்டரைத் தாண்டும். மோதும்போது வெளிப்படும் ஆற்றல் நான்கு மடங்கு, ஏனென்றால் நிறையும் இரட்டிப்பு, வேகத்தின் வர்க்கமும் இரட்டிப்பு. உடையாமல் இருக்கட்டும் என்று கனமாகக் கட்டப்பட்ட விமானம், அந்தக் கனத்தாலேயே உடைகிறது. இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் கடையில் பாதிப் பொருள்களை வாங்காமலேயே திரும்பிவிடலாம்.

தாளில் தொடங்கும் பிழை

வெட்டும் தாளைத் தேர்ந்தெடுப்பதில் முதல் இடறல். ஐரோப்பாவில் இந்தக் கலை வளர்ந்ததற்கு டெப்ரான் என்ற பாலிஸ்டைரீன் தாள் ஒரு காரணம். தரைப் பலகைக்கு அடியிலும் சுவரிலும் குளிர் தடுக்க ஒட்டுவதற்காக விற்கப்பட்ட பொருள் அது. 3 மி.மீ. தாள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம்தான். நம் ஊரில் விளம்பரப் பலகைக் கடைக்குப் போய் மெல்லிய ஃபோம் தாள் என்று கேட்டால் சன்போர்டை எடுத்து நீட்டுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே தடிமன். சன்போர்டு பி.வி.சி.யால் ஆனது, அதே 3 மி.மீ. தாள் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டை எந்த மோட்டாரும் ஈடுகட்டாது. எனவே தாள் வாங்கப் போகும்போது கையில் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இருக்கட்டும். கடைக்காரர் வேடிக்கையாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

டெப்ரான் கிடைக்காவிட்டால் தெர்மாகோல் கட்டியைச் சூடான நிக்ரோம் கம்பியால் 5 மி.மீ. தாள்களாகச் சீவிக்கொள்ளலாம். மணிமணியாக இருப்பதால் வளைவைத் தாங்கும் வலு குறைவு. ஆனால் எடை கையைக் கடிக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சீவுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. இ.பி.பி. என்ற பாலிபுரொப்பிலீன் ஃபோம் அடிபட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்; முதல் விமானத்துக்கு அதுவே நல்லது. துவண்டுவிடும் குணம் அதற்கு உண்டு என்பதால் கார்பன் குச்சி துணை கட்டாயம் வேண்டும்.

இறக்கையின் குறுக்குவெட்டை உண்மையான விமானம்போல உப்பலாகச் செதுக்க நேரம் செலவிடுவதும் வீண்வேலைதான். இந்த அளவிலும் இந்த வேகத்திலும் தட்டையான தாள் இறக்கையே நன்றாகப் பறக்கும். முதல் விமானத்துக்குத் தாளை மிக லேசாக வளைத்து ஒட்டினால் இன்னும் நிதானமாகப் போகும்.

வலுவூட்டும் ஆசை

விமானம் ஒருமுறை மூக்கில் அடிபட்டதும் அடுத்த வேலையாக அங்கே ஒரு பட்டை டேப், ஒரு சொட்டு எபாக்ஸி, ஐஸ்கிரீம் குச்சி ஒன்று என்று ஏறத் தொடங்கும். ஒவ்வொன்றும் இரண்டு கிராம்தானே என்று தோன்றும். மொத்த 120 கிராமை எப்படிப் பங்கிட்டோம் என்று எழுதிப் பார்த்தால் அந்த இரண்டு கிராமின் மதிப்பு தெரியும்: ஃபோம் 45, மோட்டார் 14, ஸ்பீடு கன்ட்ரோலர் 6, மூன்று சர்வோக்கள் (அசையும் பகுதிகளை இழுக்கும் சிறு மோட்டார்கள்) 12, ரிசீவர் 4, பேட்டரி 20, கார்பன் 8, பசை 6, விசிறியும் கம்பி இணைப்புகளும் 5. பசைக்கு ஒதுக்கியதே ஆறு கிராம். பெயின்ட் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வலு சேர்க்க வேண்டிய இடம் வேறு. தட்டையான ஃபோம் மேலும் கீழும் வளைவதைவிட முறுக்கிக்கொள்வதுதான் தொல்லை. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதியான ஏலரானை அசைத்தால் ஏலரானுக்குப் பதிலாக இறக்கையே முறுகி, விமானம் சோம்பலாகத் திரும்பும். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே 1 மி.மீ. கார்பன் கம்பிகளை முக்கோணமாகக் கட்டினால் இரண்டு மூன்று கிராமில் முறுக்கு நின்றுவிடும். இறக்கையின் ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து மறுமுனையை விரலால் திருகிப் பாருங்கள். கம்பி கட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு கைக்கே தெரியும்.

கார்பன் பட்டையை இறக்கையின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டக் கூடாது. வெயிலில் பாலிஸ்டைரீன் விரியும், கார்பன் ஏறக்குறைய விரியவே விரியாது. 80 செ.மீ. நீளத்தில் 30 பாகை வெப்பநிலை மாறினால் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மி.மீ.க்கு மேல் இடைவெளி விழுகிறது. இறக்கை வில்லாக வளைந்துவிடும். தாளின் விளிம்பில் கீறி நடுத்தடிமனில் பதித்தால் இந்தப் பிரச்சினை வராது. ஏப்ரல் மதியத்தில் காரின் பின்சீட்டில் விமானத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு எந்த முறையும் உதவாது என்பது வேறு விஷயம்.

வாலில் சேரும் எடை தனிக் கொடுமை. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 45 செ.மீ. தொலைவிலும் மூக்கு 15 செ.மீ. தொலைவிலும் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வைத்தாக வேண்டும். வால் சர்வோக்களை வாலிலேயே ஒட்டாமல் முன்னுக்குக் கொண்டுவந்து 1 மி.மீ. கார்பன் கம்பியால் இழுப்பது இதற்காகத்தான். அந்தக் கம்பி நீளமானது என்பதால் தள்ளும்போது வளையும், ஏழெட்டு செ.மீ.க்கு ஒரு சிறு வளையம் வைத்து வழிகாட்டினால் சரி.

சமநிலைப் புள்ளி, செவ்வக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஆறு செ.மீ. அளவில் வரும். பேட்டரியைப் பொருத்திய பிறகு இரண்டு விரல் நுனிகளில் தாங்கிப் பாருங்கள். ஈயக் குண்டு தேடுவதற்கு முன் பேட்டரியை நகர்த்துங்கள். அதற்கு வசதியாக வெல்க்ரோவை நீளமாக ஒட்டியிருந்தால் போதும்.

உலகப் போட்டிகளில் பறக்கும் விமானங்களைப் படத்தில் பார்த்து அப்படியே செய்ய முயல்வது எதிர்ப்பக்கத் தவறு. வான் விளையாட்டுகளுக்கான உலக அமைப்பான எஃப்.ஏ.ஐ. உள்ளரங்க சாகசப் பறத்தலுக்கு எஃப்3பி (F3P) என்ற பிரிவை வைத்திருக்கிறது. அதன் முதல் உலகப் போட்டி 2013இல் ஜெர்மனியின் கோபர்க் நகரில் நடந்தது. குளிர்காலத்தில் வெளியே பறக்க முடியாத நாடுகளில் விளையாட்டரங்குகளை நம்பி வளர்ந்த கலை இது. அங்கே முன்வரிசை விமானங்கள் 50, 60 கிராம்தான் இருக்கும். அவற்றைக் கையில் பிடிப்பதற்கே பழக்கம் வேண்டும். முதல் மாதத்தில் உங்களுக்கு வேண்டியது 120 கிராம் விமானம்.

பசையும் கீலும்

சாதாரண உடனொட்டுப் பசையைத் தெர்மாகோலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒட்டுவதற்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு குழி விழும். பாலிஸ்டைரீனை அது தின்றுவிடும். ரப்பர் பசைகளும் ஸ்ப்ரே பெயின்ட்களும் பெரும்பாலும் அப்படியே. ஃபோமுக்கென்று தனியாக விற்கும் பசையை இரண்டு முகங்களிலும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு அழுத்துவதுதான் முறை. காயவிடாமல் அவசரமாக ஒட்டுகிறவர்களே பசை சரியில்லை என்கிறார்கள். வெள்ளை மரப்பசை ஃபோமை அரிக்காது. ஆனால் இரண்டு தாள்களுக்கு நடுவே காற்றுப் புகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், ஈரமாகக் கிடக்கும்வரை எடையும் கூடுதல்.

எலிவேட்டர் (வாலின் படுக்கைப் பகுதியில் அசைவது), ரடர் (வாலின் நிமிர்ந்த பகுதியில் அசைவது), ஏலரான் ஆகியவற்றின் கீல் விறைப்பாக இருந்தால் சிறிய சர்வோவால் அதை நடுவுக்குக் கொண்டுவர முடியாது. விளிம்பை 45 பாகை சாய்வாகச் சீவி, மெல்லிய டேப்பால் கீல் போடுங்கள். பிறகு சர்வோ கம்பியை மாட்டாமல் விமானத்தைத் தூக்கினால் அந்தப் பகுதி தன் எடையிலேயே தொங்க வேண்டும். தொங்கவில்லை என்றால் டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள்.

மோட்டார், பேட்டரி

சிறிய விசிறியை அதிவேகமாகச் சுழற்றினால் சத்தம்தான் மிஞ்சும். மெதுவான விமானத்துக்கு விட்டம் பெரியதும் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தொலைவு) குறைந்ததுமான விசிறி வேண்டும். 7 அல்லது 8 அங்குல விட்டமும் 4 அங்குலத்தை ஒட்டிய பிட்சும் பொருந்தும். விசிறியை ரப்பர் வளையத்தால் மாட்டும் வகையை வாங்குங்கள். மூக்கு தரையில் பட்டால் விசிறி விலகிக்கொடுக்கும். அந்த வளையம் வெயிலில் வெடித்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கூடுதல் நேரம் பறக்கலாம் என்று 800 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி வாங்குகிறவர், 300க்குப் பதிலாக அதை ஏற்றியதும் எடை இருபத்தைந்து கிராமுக்கு மேல் கூடிவிட்டதை மறந்துவிடுகிறார். சின்ன லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் நான்கைந்து வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒரு செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், இறங்கியபின் 3.7க்குக் கீழே போகாதபடி ரிமோட்டில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

அரங்கில்

பறப்பதற்கு முன் மின்விசிறிகளையும் ஏ.சி.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். வினாடிக்கு நான்கு மீட்டரில் போகும் விமானத்துக்கு மின்விசிறிக் காற்று சின்ன விஷயமல்ல. அதன் கீழே நுழைந்ததும் விமானம் தரையை நோக்கி அமுக்கப்படும். வலைகளைச் சுருட்டி வையுங்கள். வெள்ளைச் சுவரின் முன்னே வெள்ளை விமானம் மறைந்துபோகும், ஆகவே மேல்பக்கமும் கீழ்பக்கமும் வேறு வேறு நிறப் பட்டைகள் இருக்கட்டும். மார்க்கர் பேனாவே போதும்.

ரிமோட்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30, 40 சதவீதம் வைத்தால் கட்டுப்பாட்டுக் குச்சியின் நடுப்பகுதி மென்மையாகும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்களின் ரிமோட்டில் கூட்டல் குறி மென்மையாக்கும், சிலவற்றில் கழித்தல் குறி. நண்பரின் அமைப்பை அப்படியே பார்த்து எழுதினால் விமானம் மென்மையாவதற்குப் பதிலாகத் துள்ளும். பறப்பதற்கு முன் தரையில் வைத்துக் குச்சியை மெல்ல அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போவது எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நேராகிவிடும். பயத்தில் வேகம் கூட்டுவது இன்னொன்று. மோதப் போகிறது என்று தெரிந்ததும் முதலில் மோட்டாரை நிறுத்துவது கைப்பழக்கமாக வேண்டும். ஓடும் விசிறியோடு மோதினால் மோட்டார் பீடமே பிய்ந்துவிடும். பறக்க விடுகிறவர்கள் எல்லாரும் ஒரே சுவரோரமாக நின்று ஒரே திசையில் சுற்றினால் பாதி விபத்து நடக்காது.

விமானம் கூரைச் சட்டத்தில் சிக்கிக்கொண்டால் பந்தை எறிந்து இறக்கப் பார்க்காதீர்கள், இறக்கை மட்டும்தான் கீழே வரும். ரிமோட்டை அணைத்துவிடாதீர்கள். மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைப் போட்டுவிட்டு, நீளமான ஒட்டடைக் கம்பின் நுனியில் துணியைச் சுற்றி அடியிலிருந்து மெல்லத் தூக்கிவிடுங்கள். கீழே இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.