பட்ஜெட்டில் வட்டிக் கணக்கைப் படிப்பது எப்படி?

பட்ஜெட் வந்ததும் நிதிப் பற்றாக்குறை எத்தனை சதவீதம் என்றுதான் கேட்கிறோம். அதைவிட முக்கியம் வட்டிச் செலவு என்பேன். மத்திய அரசின் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: மொத்தச் செலவு ரூ.50.65 லட்சம் கோடி. கடன் நீங்கலான வரவு 34.96 லட்சம் கோடி. கழித்தால் 15.69 லட்சம் கோடி. இதுவே நிதிப் பற்றாக்குறை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம். இந்தத் தொகை முழுவதும் பழைய கடனோடு சேர்கிறது. பற்றாக்குறை குறைந்தாலும் கடன் குறைவதில்லை. அது ஏறும் வேகம்தான் குறைகிறது. செய்தித் தலைப்புகள் அடிக்கடி குழப்பும் இடம் இது.

படி 2: வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. இதைப் பற்றாக்குறையிலிருந்து கழியுங்கள். மிஞ்சும் 2.93 லட்சம் கோடிதான் முதன்மைப் பற்றாக்குறை. பழைய கடன் இல்லாதிருந்தால் இவ்வளவு வாங்கினாலே போதும். புதுக் கடனில் ஐந்தில் நான்கு பங்கு, முன்பு வாங்கியதன் வட்டிக்கு ஈடாகிவிடுகிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்க வேண்டிய பணம் என்பதால் எனக்கு இது வலிக்கிறது.

படி 3: இனி ஒரு கற்பனைக் கணக்கு. உற்பத்தி 200, கடன் 100, வட்டி 7 சதவீதம், முதன்மைப் பற்றாக்குறை பூஜ்யம். விலைவாசியும் சேர்ந்து உற்பத்தி 10 சதவீதம் வளர்ந்தால், அடுத்த ஆண்டு உற்பத்தி 220, கடன் 107. உற்பத்தியில் கடனின் விகிதம் 50-லிருந்து 48.6 சதவீதமாக இறங்கும். வளர்ச்சி 5 சதவீதம் என்றால் அதுவே 51-ஐ நெருங்கும். வட்டியைவிட வளர்ச்சி முந்தினால்தான் கடன் சுமை தானாக இளகும்.

படி 4: இந்த வட்டியை யார் தீர்மானிக்கிறார்கள்? வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை, அதன் பணக் கொள்கைக் குழு பணவீக்கத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. நீண்டகாலக் கடன் பத்திரங்களின் வட்டியோ ஏலத்தில் உருவாகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாங்கத் தயாராக இருப்பதைவிட அதிகப் பத்திரங்கள் வந்தால் விலை சரியும். ஆண்டுக்கு 7 ரூபாய் தரும் 100 ரூபாய்ப் பத்திரத்தை 95 ரூபாய்க்கு வாங்குபவருக்கு வட்டி வருவாய் மட்டும் ஏறத்தாழ 7.4 சதவீதம். அடுத்த ஏலத்தில் அரசும் அதையொட்டியே வட்டி தர நேரும். ஆனால் ஏற்கெனவே விற்ற பத்திரங்களில் பெரும்பாலானவற்றின் வட்டி மாறாது. அவை முதிர்ந்து, அவற்றின் இடத்தில் புதியவை வர வரத்தான் வட்டி உயர்வு பட்ஜெட்டில் முழுமையாகத் தெரியும்.