கருவாட்டுத் தூசியும் பச்சைச் சளியும்: நுரையீரல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கருவாட்டு மூட்டைகளை உதறிக் கட்டியவருக்குச் சாயங்காலம் நெஞ்சு இறுகுகிறது, உடம்பு காய்கிறது, இரவெல்லாம் இருமல். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் கருவாட்டுக் கிடங்கில் வேலை செய்வோருக்கு இது புதிதாக இருக்காது. மறுநாள் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்குவதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. அது வேறு சில தவறான எண்ணங்களிலிருந்து முளைக்கிறது.

உயிருள்ள கிருமிதான் கெடுக்கும் என்பது அவற்றில் ஒன்று. கடல்நீரில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கிராம் நெகட்டிவ் வகை. அவற்றின் வெளியுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. உப்பும் வெயிலும் பாக்டீரியாவைக் கொன்றாலும் இந்த நச்சு அழியாது, கொதிக்கவைத்தாலும் முறியாது. செத்த பாக்டீரியாவின் துணுக்குகள் தூசியோடு மூச்சில் ஏறுகின்றன. தொல்லை பெரும்பாலும் 4 முதல் 12 மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், பழி மூட்டையின் மேல் விழாமல் மத்தியானம் குடித்த மோரின் மேல் விழுகிறது.

இன்னொன்று, படித்தவர்களிடமும் இருப்பது: மூச்சுக்குழாயின் உட்சவ்வு வெறும் பூச்சு, எதிர்ப்பு வேலையெல்லாம் வெள்ளை அணுக்களுடையது என்ற எண்ணம். அந்தச் சவ்வின் செல்கள் காவல் வேலையும் பார்க்கின்றன. எண்டோடாக்சினை அடையாளம் காணும் ஏற்பி, அதாவது செல்லின் உணர்வுப் புரதம், டிஎல்ஆர்4 என்று 1998-இல் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் பாய்ட்லர். 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நச்சு வந்த செய்தி செல்லுக்குள் போனதும் என்எஃப் கப்பா பி என்ற புரதம் விழித்து மரபணுக்களை முடுக்குகிறது. செல்கள் இன்டர்லூக்கின் 8 போன்ற அழைப்புப் பொருள்களைச் சுரக்கின்றன. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்துவிடுகின்றன. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளின் மூச்சுக்குழாய்ச் செல்களில் மட்டும் அந்தப் புரதத்தை முடக்கிவிட்டு எண்டோடாக்சினை மூக்கின் வழியே செலுத்தினார்கள். நுரையீரலுக்கு வந்த நியூட்ரோஃபில்கள் வெகுவாகக் குறைந்தன. அழற்சியை (உடலின் எதிர்ப்பால் வரும் வீக்கத்தையும் எரிச்சலையும்) மூட்டுவதில் சவ்வுக்கு எவ்வளவு பங்கு என்பது அதில் தெளிவானது.

வந்த நியூட்ரோஃபில்கள் கொட்டும் எலாஸ்டேஸ் என்ற நொதி அந்தச் சவ்வையே அரிக்கிறது, சளியையும் பெருக்குகிறது. சளி பச்சையாவதும் இவற்றால்தான். இவற்றில் உள்ள மையலோபெராக்சிடேஸ் நொதிக்கே பச்சை நிறம். எனவே பச்சைச் சளி என்றாலே பாக்டீரியாத் தொற்று என்று முடிவுகட்டி மாத்திரை வாங்காதீர்கள். தூசியால் வந்த அழற்சி என்றால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே கொல்ல எதுவும் இல்லை. உண்மையிலேயே நிமோனியா என்றால், அரைகுறையாக விழுங்கிய இரண்டு மாத்திரைகள் நோயை மறைத்து நாளைக் கடத்தும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்குவது இதைவிட ஆபத்து.

கருவேல மரத்தில் கரிமூட்டம் போடுவோரும் பீடி குடிப்போரும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சவ்வின் மேலுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து அழுக்கை மேலே தள்ளுகின்றன. புகை அவற்றைச் சோர்வடையச் செய்வதால் நச்சுத் துணுக்குகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

கிடங்கை உலர்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். சாக்குகளை அடைத்த அறைக்குள் உதற வேண்டாம். முகத்தில் சுற்றிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தடுக்கும்.

எல்லா இருமலையும் தூசியின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறுதான். இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், உடல் எடை குறைதல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.