பல்வலியோடு போய் ஹெச்எஸ்-சிஆர்பி எடுக்காதீர்கள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஹெச்எஸ்-சிஆர்பி என்று ஒரு வரி இருக்கும். உடம்புக்குள் சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைக் காட்டும், ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. போன வருஷம் கடைவாய்ப் பல் வீங்கியிருந்த நேரத்தில் மயிலாப்பூரில் ஒரு லேபில் கையை நீட்டினேன், 11.4 வந்தது, இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. பல்லைப் பிடுங்கி மூன்று வாரம் கழித்து எடுத்தால் 1.8.

அதனால் சளி, காய்ச்சல், பல்வலி, அடிபட்ட வீக்கம் எது இருந்தாலும் போகாதீர்கள். நம்ம ஊர் மழைக்காலத்தில் டெங்கு வந்து போயிருந்தால் நன்றாகத் தேறிய பிறகு இரண்டு வாரமாவது போகட்டும். 10-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் வேறு ஏதோ தொற்றுதான், திரும்ப எடுத்துப் பாருங்கள். வெறும் சிஆர்பி வேறு டெஸ்ட், 'ஹெச்எஸ்' என்று கேட்டு எடுங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் 1-க்குக் கீழே நல்லது, 3 வரை நடுத்தரம், அதற்கு மேல் இதயத்துக்கு ரிஸ்க் அதிகம். டெசிலிட்டர் என்று போட்டிருந்தால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கொலஸ்ட்ரால் நார்மல், அப்புறம் இது எதற்கு என்று கேட்பீர்கள். பாஸ்டனில் இருக்கும் டாக்டர் பால் ரிட்கர் இந்தக் கேள்வியைத்தான் பல வருஷம் துரத்தினார். 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்து இந்த அளவு 2-க்குக் குறையாமல் இருந்த 10,061 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு அழற்சியை மட்டும் அடக்கும் கனாகினுமாப் ஊசி போட்டார்கள். கெட்ட கொழுப்பு குறையவில்லை, ஆனால் 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. உயிரைப் பறிக்கும் தொற்று கொஞ்சம் கூடியதால் அது வழக்கமான இதய மருந்தாக வரவில்லை.

சரி, நெருப்பு எங்கிருந்து வருகிறது? நிறைய பேருக்குத் தொப்பையிலிருந்துதான். குடலைச் சுற்றிய கொழுப்பு அனுப்பும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சித் தூதுப் புரதம் கல்லீரலுக்குப் போய் சிஆர்பியைச் சுரக்க வைக்கிறது. தையல்காரர் டேப் ஒன்று எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள், வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. 'நான் 34 சைஸ்தான்' என்பதெல்லாம் தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுகிறவர்கள் சொல்வது.

சிஆர்பி அளவு அதிகமாகவே நின்றால் சிகரெட்டை விடுங்கள், ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள், சாதத்தைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், சாப்பிட்டதும் தெருவில் நாலு நடை நடங்கள், பிறகு சுகர், ட்ரைகிளிசரைடு ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள். கொலஸ்ட்ராலுக்குப் போடும் ஸ்டேட்டின் மாத்திரை இந்த அளவையும் இறக்கும்தான், அதற்காகப் பக்கத்து வீட்டு மாமாவின் ஸ்ட்ரிப்பிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.